ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன்

ராத்திரி ஒன்பதரைக்கு மேல எங்க மெடிக்கலுக்கு வர்ற அப்பாக்களைப் பார்த்ததுமே விஷயம் புரிஞ்சிடும். சட்டையில ஒரு தோள் மட்டும் ஈரமா இருக்கும். கையில போன். போன்ல, போன மாசம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எழுதிக் குடுத்த மருந்துச் சீட்டோட போட்டோ. "அக்கா, பாப்பாவுக்குக் காய்ச்சல், ஒரே வாந்தி. இதையே குடுத்துடுங்க."

"எடை எவ்ளோங்க?"

"ஒன்றரை வயசு."

"வயசு இல்லீங்க, எடை."

உடனே வீட்டுக்குப் போன் பறக்கும். அந்தப் பக்கம் அம்மா ஒரு எடை சொல்வாங்க, பாட்டி ஒரு எடை சொல்வாங்க, பின்னால குழந்தை அழுதுட்டே இருக்கும்.

இந்தக் கவுண்டருக்குப் பின்னாடி 14 வருஷமா நிக்கிறேன் தங்கச்சி. டி.ஃபார்ம் படிச்சவ. இருந்தும் என் மூத்தவனுக்கு ஒன்றரை வயசுல முதல் தடவை காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்து வந்தப்ப, படிச்சதெல்லாம் மறந்துபோச்சு. தாகத்துல தவிக்கிறானேன்னு ஒரு டம்ளர் தண்ணியை அப்படியே புகட்டினேன். மூணே நிமிஷத்துல அது மொத்தமும் என் மேல வந்துச்சு. பயந்துபோய் மறுபடி ஒரு டம்ளர். அதுவும் வெளியே. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினா, டாக்டரம்மா மூணே கேள்விதான் கேட்டாங்க. கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்? கடைசி டோஸ் எத்தனை மணிக்கு, எவ்வளவு? எடை என்ன? மூணுக்கும் நான் முழிச்சேன்.

அன்னிக்குக் கத்துக்கிட்டதை ஒரே வரியில சொல்லிடறேன். காய்ச்சலை இறக்குறது உன் முதல் வேலை இல்ல, தண்ணியை உள்ள இறக்குறதுதான் முதல் வேலை. இனி சொல்லப்போற டிப்ஸ் எல்லாமே அந்த ஒரு வரியைச் செய்யறதுக்கான வழிதான். இது ஒண்ணுலேர்ந்து மூணு வயசுக் குட்டிகளுக்கு. ஆறு மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா டிப்ஸ் படிக்க உட்காராதே, நேரா டாக்டர்கிட்ட போ. மூணு மாசம்கூட ஆகலைன்னா ஒரு மணி நேரம்கூடப் பொறுக்காதே.

1. நல்லா இருக்கிற நாள்லயே ஒரு டப்பா

குழந்தைக்கு உடம்புக்கு வர்றது எப்பவும் ஞாயித்துக்கிழமை ராத்திரிதான். அதனால ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல இதையெல்லாம் போட்டு, குழந்தை கைக்கு எட்டாத அலமாரியில வச்சுடு:

• டிஜிட்டல் தெர்மாமீட்டர். பாதரசத் தெர்மாமீட்டர் வேண்டாம், உடைஞ்சா ஆபத்து.
• ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு. ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே குடுப்பாங்க.
• பாராசிட்டமால் சிரப் ஒரே ஒரு பாட்டில். திறந்த தேதியை அட்டையில எழுதி ஒட்டிடு.
• ஊசி இல்லாத 5 எம்.எல். சிரிஞ்ச் ரெண்டு. கடையில கேட்டா குடுப்பாங்க.
• ஒரு குட்டி நோட்டு, கூடவே கட்டின பேனா.

நோட்டோட முதல் பக்கத்துல எடையையும் தேதியையும் எழுது. அங்கன்வாடியில மாசாமாசம் எடை போடுறாங்கல்ல, அதைக் குறிச்சு வச்சாலே போதும். அதுக்குக் கீழ உங்க டாக்டர் நம்பர், ராத்திரியும் திறந்திருக்கிற ஆஸ்பத்திரி எது, 108, மருத்துவ ஆலோசனைக்கு 104. பதற்றத்துல போன்ல தேடக் கை வராது.

2. வாந்தி எடுத்ததும் பத்து நிமிஷம் சும்மா இரு

வாந்தி எடுத்தவுடனே எல்லாருக்கும் தோணுறது "வயிறு காலியாயிடுச்சே, எதையாச்சும் குடு"ங்கிறதுதான். குடுக்காதே. அந்த நேரத்துல இரைப்பை கொதிச்சுக்கிட்டு இருக்கும், எது போனாலும் திருப்பி அனுப்பிடும். குழந்தையை நிமிர்த்தி மடியில வச்சுக்கோ, வாயைத் துடை, துணியை மாத்து. கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் விடு.

அப்புறம் ஒரு டீஸ்பூன், அதாவது 5 எம்.எல். ரெண்டு நிமிஷம் கழிச்சு இன்னொண்ணு. அவ்வளவுதான் வைத்தியம்.

இது எந்த மூலைக்குன்னு நினைக்கிறியா? கணக்குப் போட்டுப் பாரு. ரெண்டு நிமிஷத்துக்கு 5 எம்.எல்.னா ஒரு மணி நேரத்துல 150 எம்.எல். கிட்டத்தட்ட ஒரு டம்ளர். நான் ஒரே மூச்சுல குடுத்து வெளியே வந்த அதே டம்ளர்தான். ஸ்பூன்ல போனா உள்ளேயே தங்கும்.

நடுவுல மறுபடி வாந்தி எடுத்தா மனசு விடாதே. திரும்பப் பத்து நிமிஷம், திரும்ப ஸ்பூன், இந்தத் தடவை இன்னும் மெதுவா. குடிச்சது அவ்வளவும் வெளியே வந்த மாதிரிதான் நமக்குத் தெரியும். ஆனா ஒரு பங்கு உள்ள போயிருக்கும். ஒரு மணி நேரம் வாந்தி இல்லைன்னா அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டு. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவை தண்ணியா வெளியே போகும்போதும், ரெண்டு வயசுக்குக் கீழ இருந்தா 50லேர்ந்து 100 எம்.எல்., அதுக்கு மேலன்னா 100லேர்ந்து 200 எம்.எல். குடு.

ஸ்பூனைப் பார்த்தாலே வாயை இறுக்கிக்கிற குட்டிக்கு சிரிஞ்ச் நல்லது. நாக்கு மேல பீய்ச்சாதே, புரை ஏறும். கன்னத்துக்கு உள்பக்கமா மெதுவா விடு. கொஞ்சம் பெரிய குழந்தைன்னா ஓ.ஆர்.எஸ். தண்ணியையே ஐஸ் குச்சியா உறைய வச்சுச் சப்பக் குடு. என் சின்னவளுக்கு அவ பொம்மைக்கு ஒரு ஸ்பூன், அவளுக்கு ஒரு ஸ்பூன். பொம்மை நல்லா குடிக்கும், பாவம்.

தாய்ப்பால் குடிக்கிற குழந்தைன்னா நிறுத்தவே நிறுத்தாதே. கொஞ்ச நேரம் மட்டும், அடிக்கடி குடு.

3. ஓ.ஆர்.எஸ்.: கலக்குறதுல கவனம்

கவுண்டர்ல நான் தினம் பார்க்கிற தப்புகள் இவை.

ஒரு லிட்டர் பாக்கெட்டை வாங்கிட்டுப் போய் ஒரு டம்ளர்ல கொஞ்சம் கொட்டி, மீதியை மடிச்சு ரப்பர் பேண்ட் போட்டு வைக்கிறது. கூடாது. பாக்கெட்டுல உப்பும் குளுக்கோஸும் ஒரே சீரா இருக்காது. பாதியைக் கொட்டினா உப்பு கூடலாம், சர்க்கரை கூடலாம். ரெண்டுமே குழந்தைக்கு ஆகாது. கொதிச்சு ஆறின தண்ணி சரியா ஒரு லிட்டர். தண்ணி பாட்டில் இருக்கே, அதுதான் உன் அளவுகோல். முழு பாக்கெட்டையும் கொட்டிக் கலக்கு. 24 மணி நேரத்துக்கு மேல வைக்காதே, மிச்சத்தைக் கீழே ஊத்திட்டுப் புதுசாக் கலக்கு. குறைவா வேணும்னா 200 எம்.எல். சின்ன பாக்கெட் இருக்கு, கேட்டு வாங்கு.

ருசி நல்லா இல்லைன்னு சர்க்கரை, ஜூஸ், பால் எதையும் சேர்க்காதே. கலக்கினதைச் சூடு பண்ணாதே.

அடுத்தது, டெட்ரா பேக்குல வர்ற இனிப்புப் பானங்கள். பேருலயே "ஓ.ஆர்.எஸ்."ஸை ஒட்ட வச்சுக்கிட்டு வந்த பானங்கள் பலதுலயும் சர்க்கரை எக்கச்சக்கம். ஹைதராபாத்துக் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல வருஷம் போராடினாங்க. 2025 அக்டோபர்ல இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உணவுப் பொருள், பானங்களோட பேர்ல அந்த மூணு எழுத்தைப் போடக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. சர்க்கரை அதிகமானா குடலுக்குள்ள தண்ணியை இழுத்து வயித்துப்போக்கு கூடத்தான் செய்யும். அதனால பாக்கெட்டைத் திருப்பிப் பாரு, உலக சுகாதார நிறுவனத்தோட ஃபார்முலான்னு போட்டிருக்கணும். சோடா, பழ ஜூஸ், வெறும் குளுக்கோஸ் பொடி, டீ, இது எதுவும் ஓ.ஆர்.எஸ். ஆகாது.

பாக்கெட்டே கிடைக்கலைன்னா? ஒரு லிட்டர் தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூன் தலை தட்டி இருக்கணும், கும்பாச்சியா அள்ளக் கூடாது. உப்பு கூடிப்போறதுதான் இதுல பெரிய ஆபத்து. கலக்கி நாக்குல வச்சுப் பாரு, கண்ணீரைவிடக் கரிச்சா கொட்டிடு.

"உப்புத் தண்ணியில என்னம்மா ஆகப்போகுது, ட்ரிப்ஸ் போட்டாத்தான் சரியாகும்"னு உங்க வீட்டுல யாராச்சும் சொன்னா இந்தக் கதையைச் சொல்லு. 1971, வங்கதேசப் போர். லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள்ள வர்றாங்க. போங்காவ் முகாம்ல காலரா. ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோச்சு. திலீப் மஹலநாபிஸ்ங்கிற டாக்டர் உப்பையும் குளுக்கோஸையும் சமையல் சோடாவையும் தண்ணியில கரைச்சு டிரம்ல வச்சு, நோயாளியோட சொந்தக்காரங்க கையிலேயே டம்ளரைக் குடுத்துப் புகட்டச் சொன்னார். நூத்துக்கு முப்பது பேர் செத்துக்கிட்டு இருந்த இடத்துல, சாவு நூத்துக்கு நாலுக்கும் கீழ வந்துச்சு. அவர் இறந்த பிறகு 2023ல பத்ம விபூஷண் குடுத்தாங்க. அங்க புகட்டினதும் நம்மளை மாதிரி அம்மாக்களும் அக்காக்களும்தான், நர்ஸ் இல்ல.

4. காய்ச்சல் மருந்து: எடைக் கணக்கு

100.4 டிகிரியும் அதுக்கு மேலயும் காய்ச்சல். கையை நெத்தியில வச்சுப் பார்த்துச் சொல்றது கணக்குல சேராது, அளந்து எழுது. ஆனா அந்த நம்பரைப் பார்த்தே மிரளாதே. காய்ச்சல்ங்கிறது கிருமியோட உடம்பு போடுற சண்டை. 102 இருந்தும் விளையாடுற குழந்தையைவிட, 100 இருந்து துவண்டு கிடக்கிற குழந்தையைப் பத்தித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். மருந்து குடுக்கிறது குழந்தையோட அசௌகரியம் குறைய. தெர்மாமீட்டர் 98.4 காட்டியே ஆகணும்னு இல்ல.

பாராசிட்டமால் ஒரு கிலோவுக்கு 10லேர்ந்து 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு ஒரு தடவைக்கு அதிகபட்சம் 150 மில்லிகிராம். இங்கதான் பெரிய குழி இருக்கு. பாட்டிலுக்குப் பாட்டில் அடர்த்தி வேற:

• 5 எம்.எல்.ல 125 மி.கி. இருக்கிற சிரப்னா: 6 எம்.எல்.
• 5 எம்.எல்.ல 250 மி.கி. இருக்கிற சிரப்னா: 3 எம்.எல்.
• ஒரு எம்.எல்.ல 100 மி.கி. இருக்கிற டிராப்ஸ்னா: 1.5 எம்.எல்.

மூணும் ஒரே 150 மில்லிகிராம்தான். "போன தடவை 6 எம்.எல். குடுத்தோம்"னு ஞாபகத்துல வச்சு, இந்தத் தடவை டிராப்ஸ்ல 6 எம்.எல். குடுத்தா நாலு மடங்கு போயிடும். கல்லீரல் தாங்காது. அதனாலதான் வீட்டுல ஒரே பாட்டில்னு சொன்னேன். உன் குழந்தை எடைக்கு எத்தனை எம்.எல்.னு டாக்டர்கிட்டயோ கடையிலயோ கேட்டு, அந்தப் பாட்டில் மேலேயே எழுதிடு. சமையல்கட்டு ஸ்பூன்ல அளக்காதே, மருந்தோட வர்ற மூடியோ சிரிஞ்சோதான்.

ரெண்டு டோஸுக்கு நடுவுல குறைஞ்சது நாலு மணி நேரம், ஆறு மணி நேரம்னா இன்னும் நல்லது. ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல போகாதே. சளி மருந்து சிலதுலயும் பாராசிட்டமால் ஒளிஞ்சிருக்கும், ரெண்டும் சேர்த்துக் குடுத்தா டபுள் டோஸ். தூங்குற குழந்தையை மருந்துக்காக எழுப்ப வேண்டாம். தூக்கமும் மருந்துதான்.

குடுத்த மருந்தை வாந்தி எடுத்துட்டா? அரை மணி நேரத்துக்குள்ளன்னா அதே அளவை ஒரு தடவை திருப்பிக் குடுக்கலாம். அதைத் தாண்டிட்டா, அடுத்த வேளை வரைக்கும் பொறு. எது குடுத்தாலும் நிக்கலைன்னா ஆசனவாய் வழியா வைக்கிற பாராசிட்டமால் இருக்கு, அளவை டாக்டர் சொல்லணும்.

இபுபுரூஃபன், மெஃபனமிக் ஆசிட், இது ரெண்டையும் நீயா குடுக்காதே. உடம்புல தண்ணி குறைஞ்சிருக்கிறப்ப சிறுநீரகத்துக்கு ஆகாது. டெங்குவா இருந்தா ரத்தக்கசிவைக் கூட்டும். ஆஸ்பிரின் குழந்தைக்குக் கிட்டவே வரக் கூடாது. வாந்தி நிக்கிற மருந்தை டாக்டர் எடை பார்த்து எழுதுவார், மூத்தவனுக்கு வாங்கின மிச்சத்தைச் சின்னவளுக்குக் குடுக்காதே. வயித்துப்போக்கை அடைச்சு நிறுத்துற பெரியவங்க மாத்திரை குழந்தைக்கு ஆபத்து. மீதமிருக்கிற ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம், இந்த வயசு வாந்தி வயித்துப்போக்கு பெரும்பாலும் வைரஸ் வேலை.

வயித்துப்போக்கும் சேர்ந்திருந்தா டாக்டர் ஜிங்க் எழுதுவார். ரெண்டு நாள்ல நின்னுடுச்சேன்னு மருந்தை நிறுத்தாதே, சொன்ன நாள் வரைக்கும் குடு. வழக்கமா 14 நாள்.

5. போர்த்தாதே, ஐஸும் வைக்காதே

உடம்பு கொதிக்குதுன்னு ஸ்வெட்டர், குல்லா, மேல ஒரு கம்பளி. இதுல உடம்புச் சூடு வெளியேற வழியில்லாம இன்னும் ஏறும். மெல்லிசா ஒரு காட்டன் சட்டை, ஃபேன் மெதுவா ஓடட்டும். துடைக்கணும்னா வெதுவெதுப்பான தண்ணி. ஐஸ் தண்ணியில துடைச்சா குழந்தைக்கு நடுக்கம் வரும், நடுங்க நடுங்க உள்ளே சூடு ஏறும். சாராயம், கொலோன் எதையும் தடவாதே.

6. தெர்மாமீட்டரைவிட டயப்பரைப் பாரு

உள்ள போற தண்ணி போதுமான்னு எப்படித் தெரியும்? ஒண்ணுக்குதான் பதில் சொல்லும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவையாச்சும் போகணும். கலர் வெளுத்த மஞ்சளா இருந்தா சரி. அடர் மஞ்சளா, கொஞ்சமா போனா ஸ்பூனை இன்னும் விடாம குடு.

இன்னிக்கு வர்ற டயப்பர் எவ்வளவு போனாலும் உறிஞ்சிக்கிட்டுக் காய்ஞ்ச மாதிரியே காட்டும். தண்ணியா வெளியே போனா ரெண்டும் கலந்து எதுவும் புரியாது. அதனால அந்த ரெண்டு நாளைக்குத் துணிக்கு மாறிடு. முடியலைன்னா டயப்பருக்குள்ள முன்பக்கம் கொஞ்சம் பஞ்சு வை.

கூடவே பாரு: நாக்கு ஈரமா இருக்கா? அழுதா கண்ணீர் வருதா? கண் குழி விழுந்திருக்கா? வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா உடனே படியுதா? உச்சிக்குழி இன்னும் மூடாத குழந்தைன்னா அது உள்வாங்கியிருக்கா?

7. "வயித்தைக் காயப்போடு"ன்னு சொன்னா கேட்காதே

வாந்தி கொஞ்சம் அடங்கினதும், பசிச்சா சாப்பாடு குடு. பட்டினி போட்டா குடல் ஆறுறது தள்ளித்தான் போகும். இட்லி, குழைஞ்ச ரசஞ்சாதம், தயிர்சாதம், உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, பாசிப்பருப்புச் சாதம், வாழைப்பழம். எதுவானாலும் ரெண்டு வாய், அப்புறம் கொஞ்சம் கழிச்சு ரெண்டு வாய். மோர், இளநீர் கூடுதலாக் குடுக்கலாம், ஆனா ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலா இல்ல. எண்ணெய்ப் பலகாரம், பிஸ்கட், சாக்லேட் ரெண்டு நாளைக்குத் தள்ளிப் போடு. திட உணவு ஒரு நாள் சாப்பிடலைன்னாலும் பரவாயில்ல, தண்ணி மட்டும் தவறக் கூடாது. உடம்பு தேறினதும் ரெண்டு வாரத்துக்குத் தினமும் ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாக் குடு, இழந்த எடை திரும்பும்.

8. பாட்டியோட சண்டை வேண்டாம், ஆனா சில எல்லை வேணும்

திருஷ்டி சுத்திப் போடணுமா, போடட்டும். மிளகாயை மட்டும் வாசலுக்கு வெளிய போட்டு எரிக்கச் சொல்லு, புகை குழந்தைக்கு இருமலை இழுத்துடும். கஞ்சி, ரசம்னு அத்தை சொன்னா தலையில வச்சுக் கொண்டாடு.

விட்டுக்குடுக்கக் கூடாதது சிலது உண்டு. "குடல் ஏறிடுச்சு"ன்னு தலைகீழாப் பிடிச்சு வயித்தை நீவுறது, தொக்கம் எடுக்கிறேன்னு வாயில ஊதுறது, வயித்துல சூடு போடுறது, வசம்பு சுட்டுக் கரைச்சுப் புகட்டுறது, எதுவும் வேண்டாம். நிஜமாவே குடல் செருகல்னு ஒரு அவசர நோய் இருக்கு, ஒரு துண்டுக் குடல் அடுத்த துண்டுக்குள்ள நுழைஞ்சிக்கும். அந்த நேரத்துல வயித்தை அமுக்கினா விபரீதம். நெஞ்சுல கற்பூரம் தடவுறதும் வேண்டாம். கற்பூரம் கொஞ்சம் வாய்க்குள்ள போனாலே இந்த வயசுல ஃபிட்ஸ் வரலாம். "பல்லு முளைக்குது, அதான்"னு ஒரு சமாதானம் சொல்வாங்க. பல் முளைச்சா எச்சில் வடியும், கடிக்கும். 102 டிகிரி காய்ச்சலும் வாந்தியும் பல்லால வராது.

9. இதுல ஒண்ணு இருந்தாலும் கிளம்பு

ஸ்பூனைக் கீழ போடு, செருப்பை மாட்டு:

• ஆறேழு மணி நேரமா ஒண்ணுக்குப் போகலை
• எழுப்பினா சரியா எழும்பலை, முகம் பார்க்கலை, துணியா துவளுது
• ஸ்பூன்ல குடுத்தும் நாலஞ்சு மணி நேரமா எதுவுமே நிக்கலை
• வாந்தி பச்சை நிறத்துல வருது, இல்ல ரத்தமோ காப்பித்தூள் மாதிரியோ இருக்கு
• விட்டு விட்டுக் காலை மடக்கிக்கிட்டு வீறிட்டு அழுது, நடுவுல வெளுத்துப் போகுது. மலத்துல சிவப்பு ஜெல்லி மாதிரி. குடல் செருகலா இருக்கலாம்
• கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்த்தா கூச்சம், அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள்
• மூச்சு வேகம். அழாம இருக்கும்போது முழுசா ஒரு நிமிஷம் எண்ணு, ஒரு வயசுக்கு மேல 40ஐத் தாண்டக் கூடாது. நெஞ்சு உள்வாங்கினாலும் கிளம்பு
• கீழ விழுந்து தலையில அடிபட்ட பிறகு வாந்தி
• மாத்திரையோ, மண்ணெண்ணெயோ, ரிமோட் பொம்மை பட்டன் பேட்டரியோ முழுங்கியிருக்கலாம்னு சந்தேகம்
• காய்ச்சல் 104ஐத் தொட்டுச்சு, இல்ல மூணு நாளைத் தாண்டிடுச்சு

இன்னொண்ணு. வயித்துப்போக்கே இல்லாம காய்ச்சலும் வாந்தியும் மட்டும் இருந்தா, "வயிறு சரியில்ல"ன்னு நீயா முடிவு பண்ணாதே. சிறுநீர்ப் பாதைத் தொற்று இப்படித்தான் வரும், பொம்பளைப் பிள்ளைகளுக்கு அதிகம். ஒரு யூரின் டெஸ்ட்ல தெரிஞ்சிடும்.

10. ஃபிட்ஸ் வந்தா கையில சாவி குடுக்காதே

காய்ச்சல் வேகமா ஏறும்போது ஆறு மாசத்துலேர்ந்து அஞ்சு வயசுக்குள்ள சில குழந்தைங்களுக்கு வலிப்பு வரும். நூத்துல ரெண்டுலேர்ந்து அஞ்சு குழந்தைக்கு. பார்க்கப் பயங்கரமா இருக்கும், பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல தானே நின்னுடும். குழந்தையைத் தரையில ஒருக்களிச்சுப் படுக்க வை, வாயில இருக்கிறது வெளியே வழியட்டும். பல்லுக்கு நடுவுல ஸ்பூன், விரல் எதுவும் விடாதே. இரும்புச் சாவி குடுக்கிறது, தண்ணி தெளிக்கிறது, புகட்டுறது எதுவும் வேண்டாம். மணி பாரு. அஞ்சு நிமிஷம் தாண்டினா 108. தானே நின்னாலும், முதல் தடவைன்னா அன்னிக்கே டாக்டரைப் பார்த்துடு.

11. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் ஒரு கண்ணு கூடுதலா

வடகிழக்குப் பருவமழை நம்ம ஊர்ல டெங்கு காலம். டெங்குவோட தந்திரம் என்னன்னா, காய்ச்சல் விட்டதும் எல்லாரும் நிம்மதியாத் தூங்கப் போவோம். ஆபத்தான கட்டம் அப்பத்தான் ஆரம்பிக்கும். மூணாம் நாளுக்கு மேல காய்ச்சல் இறங்கி, அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்ல வயித்துவலி, தொடர் வாந்தி, கை கால் ஜில்லுன்னு ஆகுறது, ஈறுல ரத்தம், துவளுறது இருந்தா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. காய்ச்சல் இறங்கின அந்த ரெண்டு நாளும் ஒண்ணுக்குக் கணக்கை விடாதே.

12. டாக்டர்கிட்ட கதை சொல்லாதே, நோட்டைக் காட்டு

"நேத்திலேர்ந்து ஒரே வாந்தி டாக்டர்"னு ஆரம்பிச்சா பாதி விஷயம் விட்டுப்போகும். நோட்டுல இப்படி எழுது:

*9.10: 101.8. பாராசிட்டமால் 3 எம்.எல்.*
*10.05: வாந்தி, பால் மாதிரி, கொஞ்சம்.*
*10.15: ஸ்பூன் ஆரம்பம்.*
*11.20: ஒண்ணுக்கு, மஞ்சள்.*

வாந்தி பச்சையாவோ ரத்தமாவோ இருந்தாலும், மலம் வித்தியாசமா இருந்தாலும் போன்ல ஒரு போட்டோ எடு. அருவருப்புப் படாதே, டாக்டருக்கு அது பெரிய உதவி. குடுத்த மருந்துப் பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போ.

13. அடுத்தது நீயும் வீட்டுக்காரரும் படுக்காம இருக்க

வாந்தித் துணியைத் தனியா வச்சுச் சுடுதண்ணியில அலசு. தரையைத் துடைச்சுட்டு ப்ளீச்சிங் தண்ணி விட்டுத் துடை. கைக்கு சானிட்டைசர் போதாது, வாந்தி வயித்துப்போக்கு கிருமிகள்ல சிலதுக்கு அது சரியா வேலை செய்யாது. சோப்புப் போட்டு இருபது நொடி நல்லாத் தேய். டயப்பர் மாத்தின கையோட ஓ.ஆர்.எஸ். கலக்கப் போயிடாதே. பச்சைப்பிள்ளை வச்சிருக்கிற தங்கச்சிங்க ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தைத் தவற விடாதீங்க. 6, 10, 14 வாரத்துல அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசம்.

ராத்திரி ஷிஃப்ட் போட்டுக்கோங்க. ரெண்டு மணி வரைக்கும் அவர், அப்புறம் நீ. முழிச்சிருக்கிறவர் கையில நோட்டு இருக்கணும். இல்லைன்னா இருட்டுல ரெண்டு பேரும் தனித்தனியா ஒரே மருந்தைக் குடுத்துடுவீங்க. நீயும் ஏதாச்சும் சாப்பிடு.

அன்னிக்கு டாக்டரம்மா எங்களைப் படுக்கையில சேர்க்கலை. சின்ன ஸ்பூன் ஒண்ணைக் கையில குடுத்து, "வெளிய பெஞ்சுல உட்கார்ந்து ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு குடுங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்க்கிறேன்"னாங்க. குடுத்தேன். நின்னுச்சு. வீட்டுக்கு வந்தும் விடாம குடுத்தேன். விடிகாலை நாலு மணிக்கு மடியில வச்சபடியே கண் அசந்துட்டேன் போல. திடீர்னு சேலை வெதுவெதுன்னு நனைஞ்சது. பதறிப்போய் எழுந்த வீட்டுக்காரர், "மறுபடியும் வாந்தியா?"ன்னார்.

"இல்லீங்க, ஒண்ணுக்குப் போயிட்டான்!"

எழுந்துபோய் சேலை மாத்தணும்னுகூடத் தோணலை. அவனை அணைச்சுக்கிட்டே நோட்டை எடுத்து எழுதினேன்: *4.00. நிறைய.*